முகாம் வாசலுக்கு மூன்று பெண்கள்

சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பெரிய சாலையை விட்டு ஓரிடத்தில் திரும்பினால் ஒரு மாநில நெடுஞ்சாலை தொடங்கும். பெயர்தான் நெடுஞ்சாலை. கோழிப்பண்ணைகளையும் மரவள்ளிக் காடுகளையும் இரண்டு மூன்று சின்ன ஊர்களையும் தாண்டியதும் ஒரு ராணுவ முகாமின் வாசலில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் போக வழியில்லை. அம்மாவின் கணக்கில் அதன் நீளம் ஒரு ஜெபமாலை. திருப்பத்தில் முதல் மணியைப் பிடித்தால், கடைசிப் பகுதியான ஐந்தாவது தேவ ரகசியம் முடிகிறபோது துப்பாக்கி ஏந்திய காவலாளி கண்ணில் படுவார்.

அந்தச் சாலையில் நான் தனியாகப் பல ஞாயிற்றுக்கிழமைகள் போயிருக்கிறேன். அம்மாவை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். அதை யாரிடம் சொல்லத் தொடங்கினாலும் பாதியில் எனக்குச் சிரிப்பு வந்து, கேட்கிறவர்கள் எரிச்சலாகி எழுந்து போய்விடுகிறார்கள். எழுதினால் முடித்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. வரன் பார்க்கிற காலம் வந்து, கொஞ்ச நாள் நின்று, போயும் விட்டது. எங்கள் பங்குச் சாமியார்கூட என்னைப் பார்க்கிறபோது அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். எனக்கு அதில் பெரிய வருத்தம் எதுவும் இல்லை. ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினேன். ஓட்டக் கற்றுக்கொண்டேன். முன்கண்ணாடிக்குக் கீழே அம்மா ஒரு சின்ன வேளாங்கண்ணி மாதா சுரூபத்தை ஒட்டிவைத்தார். நானும் அம்மாவுமாக ஏற்காடு அடிவாரம் வரை போய், மேலே ஏறப் பயந்து, அங்கேயே டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவோம். வாழ்க்கை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவர் சுண்டுவிரலைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார்.

விடுப்பில் வந்த இடத்தில் கைப்பந்து விளையாடி விரலை ஒடித்துக்கொண்டாராம். ராணுவத்தில் ஹவில்தார், முகாமில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற வேலை. நல்ல உயரம், நரைக்கத் தொடங்கிய மீசை, பேசினால் வாக்கியத்துக்கு இரண்டு 'ங்க'. விரலைப் பலகைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, "மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க" என்றேன். நெஞ்சுப் படம் எடுக்கிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வந்த பழக்கம். விரலுக்கு அது தேவையே இல்லை. அவர் பிடித்தார். நான் படத்தை எடுத்து, திரையில் அதைப் பார்த்து, எலும்பு எங்கே விட்டிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். மூச்சை விடச் சொல்ல மறந்துபோனேன். திரும்பிப் பார்த்தால் மனிதர் முகம் செக்கச் சிவந்து, கண் பிதுங்க அப்படியே நிற்கிறார்.

"விடுங்க, விடுங்க" என்று ஓடினேன். அவர் விட்ட மூச்சில் மேசைமேல் இருந்த காகிதங்கள் பறந்தன. "நீங்க சொல்லலைங்களே" என்றார், குற்றம் சொல்கிற குரலே இல்லாமல். அன்று பூராவும் வந்த நோயாளிகளையெல்லாம் சிரித்துக்கொண்டே படம் எடுத்தேன்.

அதற்குப் பிறகு விரல் கூடிவிட்டதா என்று காட்ட ஒரு முறை, கூடிவிட்டது என்று சொல்ல ஒரு முறை, எதற்கென்றே சொல்லாமல் ஒரு முறை வந்தார். பிறகு நான் போகத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அந்தச் சாலையில் திரும்புவேன். முகாம் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே உட்கார்ந்து ஒரு டீயை ஒரு மணி நேரம் குடிப்போம். மற்றவர்கள் முன்னால் அவர் அதிகம் பேசமாட்டார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தால், மூன்று டன் லாரியை முதல் தடவை ஓட்டுகிற பையன்கள் கியர் போடுகிற சத்தத்தை ஊருக்கு ஒரு தினுசாக வாயால் போட்டுக் காட்டுவார். பஞ்சாப்காரன் போடுகிற கியர் வேறு, கேரளாக்காரன் போடுகிற கியர் வேறு. சிரித்துச் சிரித்து எனக்கு டீ மூக்கில் ஏறும்.

ஒரு ஞாயிறு கியர் சத்தம் எதுவும் போடாமல், டம்ளரையே பார்த்துக்கொண்டு, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் சொல்லிவிட்டால் காரை ஓட்டி வீடு சேரமாட்டேன் என்று பயம்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தோழி என்று யாரும் இல்லை என்பது அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. பையன் நம் வேதம் இல்லையே என்று இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், கவுண்டர் வீடாயிற்றே, நம்மை எப்படி ஏற்பார்கள் என்று கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே, "ஆளைப் பார்க்காம நான் ஆமாவும் சொல்ல மாட்டேன், இல்லையும் சொல்ல மாட்டேன். நாளைக்கு நானும் வர்றேன் பாப்பா" என்றார்.

அப்படித்தான் அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் பட்டுப் புடவையோடு அம்மா காரில் ஏறினார். வழியில் பேக்கரியில் நிறுத்தச் சொல்லி ஒரு கேக் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிடிக்காமல் போனால் கேக்கைத் திருப்பி எடுத்து வந்துவிடலாம் என்றும் சொன்னார்.

சாலை திரும்பியதும் ஜெபமாலையை எடுத்தார். எனக்கு அன்று கால் தரையில் இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை தானாகத் தாளம் போட்டது. மூன்றாவது கியரிலேயே பாதி தூரம் ஓட்டியிருக்கிறேன், எஞ்சின் அழுததுகூடக் காதில் விழவில்லை. புளியமரங்கள், பச்சைத் தலை வைத்த மைல்கற்கள், வேகத்தடைக்கு முன்னால் வெள்ளரிப் பிஞ்சு விற்கிறவர்கள், எல்லாரும் எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று தோன்றியது. முன்னால் ஒரு லாரி உயிர்க்கோழிக் கூண்டுகளை அடுக்கிக்கொண்டு போனது. அதை முந்தத் தைரியம் இல்லாமல் பின்னாலேயே போனேன். திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கோழி இறகுகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒன்று அம்மாவின் கொண்டையில் செருகிக்கொண்டு நின்றது. அவர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லவில்லை.

லாரி ஒரு பண்ணைக்குள் திரும்பிய இடத்தில் பஸ் நிறுத்தம் இருந்தது. அங்கே ஐம்பது வயதை நெருங்குகிற ஓர் அம்மாள் கையைக் குறுக்கே நீட்டி நின்றார். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, இன்னொரு கையில் நான்கு அடுக்கு டிபன் கேரியர். வெயில் கொளுத்துகிறது, பாவம், ஏற்றிக்கொள் என்றார் அம்மா. நான் பிரேக் பிடித்து நிறுத்துவதற்குள் கார் வெகுதூரம் போய்விட்டது. அந்த அம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, கேம்ப்பு வாசல் வரைக்கும் போவீங்களா? பஸ்ஸு வரவே காணமுங்க" என்றார்.

நாங்களும் அங்கேதான் போகிறோம், ஏறுங்கள் என்றார் அம்மா. பின் இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்ததும் கார் முழுக்க நாட்டுக்கோழிக் குழம்பு வாசம் நிறைந்தது. முகாமில் யாரைப் பார்க்க என்று அம்மா பேச்சுக்குக் கேட்டார்.

"என்ற தம்பிங்க. உள்ள பசங்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கறான்."

வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முகாமில் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். ஹவில்தாருக்கு ஓர் அக்கா தோட்டத்தில் இருப்பது தெரியும். எந்தத் தோட்டம் என்று நான் கேட்டதில்லை. அந்தச் சாலை பூராவும் தோட்டம்தானே.

பின்னாலிருந்து குரல் தொடர்ந்தது. "பந்து வெளையாடறேன்னு சுண்டுவெரலை ஒடிச்சுக்கிட்டானுங்க. வெரலு கூடிருச்சு, அத்தோட உட்டுதுன்னு பார்த்தா, எக்ஸ்ரே எடுத்த புள்ளையவே கட்டிக்கறேங்கறான்."

கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. நான்காவது போட வேண்டியதற்கு இரண்டாவதைப் போட்டேன் போலிருக்கிறது. அம்மாவின் விரலில் ஜெபமாலை அப்படியே நின்றது. தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். இப்போதே நிறுத்தி, அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"அப்படிங்களா?" என்றார். முப்பத்தெட்டு வருஷம் என்னை வளர்த்த குரலா அது என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவ்வளவு அப்பாவியாக இருந்தது. "பொண்ணு எப்படியாம்?"

அதுதான் தெரியவில்லை என்றார் அக்கா. போனில் கேட்டால் 'நல்லவங்க அக்கா' என்கிறானாம். நல்லவங்க என்பதை வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்வது, உப்புச் சப்பில்லாத வார்த்தை. அதனால் நேரில் உட்காரவைத்து, சோற்றைப் போட்டு, வாயைப் பிடுங்கலாம் என்று கிளம்பி வந்தாராம்.

"வேதக்காரப் புள்ளையாம்" என்றும் சொன்னார். சொன்ன பிறகுதான் முன்னால் இருந்த மாதா சுரூபத்தைப் பார்த்திருக்க வேண்டும். "நீங்களும் வேதக்காரங்களாட்ட இருக்குது. தப்பா எடுத்துக்காதீங்க."

அம்மா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேதக்காரங்கன்னா உங்களுக்கு ஆகாதுங்களா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைத்தான் வாரம் முழுக்க மனத்துக்குள் வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா கொஞ்சம் யோசித்தார். "ஒரம்பரைங்க, சொந்தக்காரங்க நாலு பேரு மூஞ்சியத் திருப்பத்தான் திருப்புவாங்க. பொய் சொல்ல மாட்டனுங்க. ஆனா அவனுக்கு நாப்பத்து மூணு ஆச்சு. அப்பன் போனதும், அக்கா தங்கச்சி எங்க ரெண்டு பேரையும் கட்டிக் குடுத்துட்டுத்தான் தனக்குன்னான். பொறவு பனியில நின்னான், பாலைவனத்துல நின்னான். மூஞ்சியத் திருப்பறவங்க யாரும் அவனுக்கு ஒரு வா சோறு ஆக்கிப் போடலைங்களே. என்ற பயம் அதில்லைங்க."

வேறென்ன என்று அம்மா கேட்டார்.

"அவன் ஒரு உம்மணாமூஞ்சிங்க. சிரிக்கவே மாட்டான். அந்தப் புள்ளையும் அப்படியே இருந்துட்டா, ரெண்டு பேரும் ஊட்டுக்குள்ள பொம்மையாட்ட உக்கோந்திருப்பாங்க."

உம்மணாமூஞ்சி. பஞ்சாப்காரன் கியரை வாயால் போட்டுக் காட்டுகிறவர். விரல் படத்துக்கு மூச்சைப் பிடித்துச் சிவந்து நின்றவர். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. காரை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தினேன். கதவைத் திறந்து வெளியே தலையை நீட்டி, இருமுகிற மாதிரி சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அக்கா இறங்கி வந்து என் முதுகில் ஓங்கி ஓங்கித் தட்டினார். தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அம்மா காருக்குள்ளேயே இருந்தார். கேக் பெட்டி அவர் மடியில் குலுங்கியதிலிருந்து அவரும் சிரிக்கிறார் என்று தெரிந்தது.

மறுபடி கிளம்பியதும் அக்காவுக்கு என்மேல் அக்கறை வந்துவிட்டது. "நீ என்ன வேலை பாக்கற சாமி?" என்று கேட்டார்.

"டீச்சர்" என்றார் அம்மா, நான் வாயைத் திறப்பதற்குள். பூசை முடிந்து வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

என்ன பாடம் என்று அக்கா கேட்டார். அம்மா "கணக்கு" என்றார். அதே நேரத்தில் நான் "தமிழ்" என்றேன்.

"ரெண்டையும் ஒரே டீச்சரா நடத்தறாங்க?" என்றார் அக்கா. சின்ன ஸ்கூல் என்று அம்மா விளக்கம் சொன்னார். நான் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். சாலை இருபுறமும் வளைந்து வளைந்து ஆடியது. ஆடியது நான்தான், சாலை நேராகத்தான் இருந்திருக்கும்.

"நீங்க கேம்ப்புல யாரைப் பார்க்கோணும்?" என்று அக்கா அடுத்துக் கேட்டார்.

"ஒருத்தரைப் பார்க்கணும்" என்றார் அம்மா.

"ஒரம்பரைங்களா?"

அம்மா ஒரு நொடி யோசித்தார். பொய்க்கு ஓர் அளவு வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். "இன்னும் இல்லைங்க" என்றார்.

அந்தப் பதிலை அக்கா எப்படி எடுத்துக்கொண்டார் என்று கண்ணாடியில் பார்ப்பதற்குள் சாலை முடிந்துவிட்டது. முகாம் வாசலுக்கு முன்னால் வண்டிகள் வேகமாக வந்துவிடாதபடி தார் டிரம்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்திருப்பார்கள். பாம்பு மாதிரி நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். நான் வழக்கமாக அதற்குள் போகமாட்டேன். டீக்கடைப் பக்கமே நிறுத்திவிடுவேன். அன்று இருந்த நிலையில் நேராக டிரம்களுக்குள் விட்டு, இரண்டாவது வளைவில் காரைக் குறுக்கே நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டேன். மறுபடி உயிர் வரவில்லை. பின்னால் ஒரு ராணுவ லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து காவலாளி எட்டிப் பார்த்தார். லாரியிலிருந்து நான்கு ஜவான்கள் குதித்து, எங்கள் மூன்று பேரையும் உள்ளே வைத்தபடியே காரைத் தள்ளி ஓரமாக விட்டார்கள். அம்மா அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஜன்னல் வழியாக நன்றி சொன்னார். கொண்டையில் இறகு அப்படியே இருந்தது.

அந்தக் காவலாளியை எனக்குத் தெரியும். வடக்கத்திக்காரர், இளைஞர், டீக்கடையில் கற்றுக்கொண்ட தமிழ். அக்கா முதலில் இறங்கிப் போய், தம்பியின் பெயரைச் சொல்லி, கூப்பிடச் சொன்னார். சொல்லிக்கொடுக்கிறவர்களை அங்கே உஸ்தாத் என்றுதான் அழைப்பார்கள். காவலாளி முகம் மலர்ந்தது.

"உஸ்தாத் அக்காவா? வணக்கம் மாஜி" என்றார். பிறகு அக்காவின் தோளுக்கு மேல் என்னைப் பார்த்து இன்னும் அதிகமாக மலர்ந்தார். "மேடமும் உஸ்தாத்துக்குத்தான். எல்லா சண்டேயும் வர்றது. இன்னைக்கு ஃபேமிலி எல்லாம் சேர்ந்து வந்தாச்சு. ரொம்ப நல்லது."

சொல்லிவிட்டு அவர் போனை எடுத்து உள்ளே கூப்பிடப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் வெயிலில் நின்றோம். அம்மா கேக் பெட்டியை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டார், வெயிலுக்கு மறைக்கிற மாதிரி. அக்கா மெதுவாகத் திரும்பி என்னை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"அப்ப நீ டீச்சரில்லை?"

"இல்லைங்க."

"எக்ஸ்ரேவா?"

"ஆமாங்க."

அவர் சிரிக்கவில்லை. பார்வையாளர்கள் உட்காரப் போட்டிருந்த தகரக் கொட்டகைக்குப் போய், சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். அந்த நிமிஷம்வரை என்னைத் தூக்கிக்கொண்டு பறந்த ஏதோ ஒன்று சட்டென்று கையை விட்ட மாதிரி இருந்தது. போய் அவர் முன்னால் நின்றேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை, அவர் பேசப் பேச எங்கே நிறுத்திச் சொல்வதென்று தெரியாமல் போய்விட்டது என்றேன்.

"நான் தப்பா எதாச்சும் பேசிப்போட்டனா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

"பேசியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"இன்னும் வேகமா ஓட்டியிருப்பேங்க" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறார் என்று பயந்து அம்மா கேக்கோடு ஓடி வந்தார். கேரியர் அடுக்குகள் ஒன்றோடொன்று இடித்துக் கிணுகிணுத்தன. அக்கா நிமிர்ந்தபோது சிரிப்பில் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. "கணக்கும் தமிழுமாம்" என்று மட்டும் சொல்ல முடிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைய பொய்களுக்கெல்லாம் பாவசங்கீர்த்தனம் செய்துவிடுவதாக உறுதி சொன்னார். அப்படியென்றால் என்ன என்று அக்கா கேட்டார். செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று அம்மா விளக்கத் தொடங்கினார். விளக்கிக்கொண்டே இருவரும் மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்கள். அக்கா கையை நீட்டி அம்மாவின் கொண்டையிலிருந்து இறகை எடுத்தார். அம்மா அதைப் பார்த்துவிட்டு, எப்போதிருந்து இது தலையில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முகாமுக்குள்ளிருந்து ஹவில்தார் வந்துகொண்டிருந்தார்.

சைக்கிளில் வந்தார். வெள்ளை பனியன், காக்கிக் கால்சட்டை, தலைமயிர் ஈரம். தடுப்புக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் வரும்போதுதான் பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்தார். ஒரு காலை ஊன்றி அப்படியே நின்றுவிட்டார். அக்காவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. அக்கா சொன்ன உம்மணாமூஞ்சி இதுதான் என்று அப்போது புரிந்தது.

அந்த வாரம் முழுக்க நான் வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். அழகான வாக்கியங்கள். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. கம்பத்துக்கு இந்தப் பக்கம் போய் நின்று, "சரிங்க" என்றேன்.

"எதுக்குங்க சரி?" என்றார் அவர்.

"போன வாரம் கேட்டீங்களே. அதுக்கு."

அவர் மூச்சை இழுத்தார். விடவில்லை. முகம் சிவக்கத் தொடங்கியது. "விடுங்க" என்றேன். விட்டார். பிறகு சிரித்தார், வாய் முழுக்க, பல்லெல்லாம் தெரிய. பின்னால் அக்கா, இவனுக்கு இத்தனை பல் இருக்கிறதா என்று அம்மாவிடம் சொல்வது கேட்டது. காவலாளிக்கு என்ன புரிந்ததோ, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். யாருக்கு அடித்தார் என்று இன்றுவரை தெரியாது.

கொஞ்ச நேரத்துக்கு அனுமதி வாங்கிக்கொண்டு அவர் வெளியே வந்தார். டீக்கடை வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம். அவரைக் கேட்பதற்காக அம்மா எத்தனையோ கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். சம்பளம், குடி, கோயில், குழந்தைகள் பிறந்தால் எந்த வேதம், எல்லாம் இருந்தது. அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

"வெரல் இப்ப வலிக்குதுங்களா?"

அவர் சுண்டுவிரலை மடக்கி நீட்டிக் காட்டினார். குளிர் நாளில் மட்டும் கொஞ்சம் குடையும் என்றார். அம்மா தலையாட்டினார். கேக் பெட்டியின் நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். எனக்கு அதற்கு மேல் எந்தச் சம்மதமும் தேவைப்படவில்லை.

கோழிக் குழம்பும் சோறும், அதோடு கேக்கும் சாப்பிட்டோம். அக்கா கேக்கைக் குழம்பில் தொட்டுச் சாப்பிட்டுப் பார்த்து, பரவாயில்லை என்றார். திரும்பிக் கிளம்பும்போது உஸ்தாத்தான் மூடியைத் திறந்து எஞ்சினுக்கு உயிர் கொடுத்தார். பிறகு காருக்குப் பின்னால் நின்று, பயிற்சி கொடுக்கிற கையால் 'இடது, இடது, நேர், நில்' என்று சைகை காட்டினார். நான் கையைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தேன். பின் பம்பர் ஒரு டிரம்மில் போய் இடித்தது. அவர் ஓட்டக் கற்றுக்கொடுத்த அத்தனை பேரிலும் இப்படி ஒருத்தியைப் பார்த்திருக்க மாட்டார்.

வழியில் அக்காவின் தோட்டத்தில் இறக்கிவிட்டால், அவர் எங்களை விடவில்லை. வண்டியில் தேங்காய் ஏறியது, வாழைத்தார் ஏறியது, முருங்கைக்காய்க் கட்டு ஜன்னலுக்கு வெளியே வால் நீட்டியது. கடைசியாகக் காலைக் கட்டிய ஒரு சிவப்புக் கோழியைக் கொண்டுவந்து அம்மாவின் பட்டுப் புடவை மடியில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை.

சேலம் வரை அது சும்மா இருந்தது. ஊருக்குள் நுழைந்து சிக்னலில் நின்றபோது எப்படியோ கட்டை அவிழ்த்துக்கொண்டது. படபடவென்று எழும்பி, ஸ்டியரிங்மேல் உட்கார்ந்து, மாதா சுரூபத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஹாரன்மேல் அழுந்தி நின்றது. ஹாரன் நிற்கவில்லை. பச்சை விழுந்தும் நாங்கள் நகரவில்லை. போக்குவரத்துக் காவலர் வந்து ஜன்னலில் குனிந்து, என்ன இது என்று கேட்டார்.

"கோழிங்க" என்றார் அம்மா, அதைப் பிடிக்கக் குனிந்தபடியே. "சம்பந்தி வீட்ல குடுத்தாங்க."

அந்தச் சொல்லை அம்மா அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவரே கொஞ்சம் திகைத்தார். காவலர் எங்கள் இருவரையும் பார்த்து, வாழ்த்துச் சொல்லி, மற்ற வண்டிகளை நிறுத்தி எங்களை அனுப்பினார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. மறைமாவட்ட ஆயரின் அனுமதி வாங்கி எங்கள் கோயிலில் ஆசீர்வாதம், பிறகு அக்காவின் தோட்டத்தில் சாப்பாடு. அவர் சொந்தத்தில் சிலர் வரவில்லை. எங்கள் பக்கமும் இரண்டு அத்தைகள் வரவில்லை. வந்தவர்களுக்கே பந்தி மூன்று முறை போட வேண்டியிருந்தது. சிவப்புக் கோழியை அறுக்க அம்மா விடவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ராணி மாதிரி திரிகிறது.

சமீபமாக அக்காவுக்குக் கார் ஓட்ட ஆசை வந்திருக்கிறது. தம்பியிடம் கற்றுக்கொள்ள மாட்டாராம், அவன் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொள்வானாம். நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். தோட்டத்துக்கு முன்னால் வண்டி நடமாட்டம் குறைந்த இடமாகப் பார்த்து, பஸ் நிறுத்தத்திலிருந்து அடுத்த புளியமரம் வரை. அக்கா முதல் கியரைப் போட்டதும் எங்கள் காரிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. பின் இருக்கையில் மேல்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என் கணவர், அது எந்த மாநிலத்துக் கியரும் இல்லை என்கிறார்.